டிராயிங் சார் பதில்கள்: ஆற்றைப் பார்க்கிற கூட்டத்தில் ஒருவர்

போன இதழில் ஒரு வாசகர், ‘ஆற்றங்கரை ஊரில் இருந்துகொண்டு ஆற்றை எப்படி வரைவது என்று தெரியவில்லை’ என்று கேட்டிருந்தார். அதற்குப் பதிலாக அயர்லாந்து ஓவியர் ஜாக் பட்லர் யேட்ஸின் ‘லிஃபி நீச்சல்’ என்ற படத்தைப் பற்றி நான்கு வரி எழுதினேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அவருக்கே. மற்ற கேள்விகள் அடுத்த மாதம்.

*

கேள்வி: ஒலிம்பிக்கில் ஓவியத்துக்கு வெள்ளிப் பதக்கம் என்று எழுதியிருந்தீர்கள். அச்சுப்பிழையா? ஓடுகிறவருக்கும் குதிக்கிறவருக்கும்தானே பதக்கம்?
– வாசகர், வண்ணார்பேட்டை

அச்சுப்பிழை இல்லை. 1912 முதல் 1948 வரை ஒலிம்பிக்கில் ஓவியம், சிற்பம், இலக்கியம், இசை, கட்டடக்கலை எல்லாவற்றுக்கும் போட்டி இருந்தது. படைப்பு ஏதாவது ஒரு விளையாட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1924-ல் பாரிஸில் நடந்த ஒலிம்பிக்கில் யேட்ஸின் ‘லிஃபி நீச்சல்’ வெள்ளி வாங்கியது. அயர்லாந்து தனி நாடான பிறகு அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். அப்போது அவருக்கு 52 வயது.

டப்ளின் நகரத்தின் நடுவே ஓடுகிற ஆறு லிஃபி. அதில் 1920 முதல் வருடந்தோறும் நீச்சல் போட்டி நடக்கிறது. 1923-ல் யேட்ஸ் அதை வரைந்தார். படம் அப்படியொன்றும் பெரியதில்லை. இரண்டடி உயரம், மூன்றடி அகலம். 2018-ல் டப்ளினில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மெரியன் சதுக்கத்தில் இருக்கும் தேசியக் காட்சிக்கூடத்துக்குப் போய் அதை நேரில் பார்த்தேன். ஒரு மணி நேரம் அதன் முன்னாலேயே நின்றேன்.

நீச்சல் படம் என்றால் நாம் என்ன வரைவோம்? தண்ணீரை வரைவோம், அதைக் கிழித்துக்கொண்டு போகிற கைகளை வரைவோம். யேட்ஸ் முதலில் வரைந்தது முதுகுகளை. கரைச்சுவரில் சாய்ந்து எட்டிப் பார்க்கிற ஜனங்களின் முதுகு, பிடரி, தொப்பி. அவர்களுக்கு அப்பால்தான் ஆறும் நீந்துகிறவர்களும். எதிர்க்கரையிலும் கூட்டம். நாம் படத்துக்கு வெளியே நிற்கவில்லை, அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கிறோம். நமக்கு முன்னால் நிற்கிறவர் கொஞ்சம் நகர்ந்தால் தேவலை என்று தோன்றுகிறது. பழுப்புத் தொப்பி போட்ட ஒருவரும், அவர் பக்கத்தில் பகட்டான தொப்பியோடு ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். அது யேட்ஸும் அவர் மனைவி காட்டியும்தான் என்று சொல்கிறார்கள்.

எனக்கு ஆறு வயதில் ஆனித் தேரோட்டத்துக்கு அப்பா டவுனுக்குக் கூட்டிவந்தார். தோளில் தூக்கி வைக்கும்வரைக்கும் நான் பார்த்த தேரோட்டம், வேட்டி மடிப்பும், வியர்த்த முதுகும், தோளில் போட்ட துண்டும்தான். நெல்லையப்பர் தேரின் உச்சிக் கலசத்தைப் பார்த்தது அப்புறம்தான். இன்றைக்கு அந்தத் தேரோட்டத்தை நினைத்தால் முதலில் வருவது அந்த முதுகுகள். அறுபது வருடம் கழித்து, எங்கோ ஒரு ஊரில், சுவரில் மாட்டிய படத்தில் அதே முதுகுகளைப் பார்த்தபோது என் கண் கலங்கியது. மகள் ‘என்னப்பா?’ என்றாள். ‘தேரோட்டம்’ என்று மட்டும் சொன்னேன்.

*

கேள்வி: தாகூரின் கீதாஞ்சலிக்கு முன்னுரை எழுதிய கவிஞர் யேட்ஸுக்கு இவர் உறவா?
– கல்லூரி மாணவி, பேட்டை

கூடப் பிறந்த தம்பி. வில்லியம் பட்லர் யேட்ஸ் 1865-ல் பிறந்தவர், ஜாக் 1871-ல். அப்பா ஜான் பட்லர் யேட்ஸ், வக்கீல் தொழிலை விட்டுவிட்டு உருவப்படம் வரையப் போனவர். சூசன், எலிசபெத் என்று இரண்டு சகோதரிகள். எலிசபெத் நடத்திய ‘குவாலா’ அச்சகம், கையால் இயக்கும் அச்சு இயந்திரத்தில் அழகழகான புத்தகங்கள் போட்டது. தாகூரின் ‘தபால் நிலையம்’ நாடகத்தின் ஆங்கில வடிவத்தை 1914-ல் அச்சிட்டதும் அந்த அச்சகம்தான்.

அதே அச்சகத்தில் 1908 முதல் 1915 வரை மாதம் ஒன்றாக 84 பாட்டுத்தாள்கள் வந்தன. ஒரு தாளை மடித்து, பாட்டு அச்சிட்டு, நடுவே ஜாக்கின் படங்களைப் போட்டு, அவற்றுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். நம் பக்கம் சந்தையிலும் ரயிலடியிலும் காலணாவுக்கு விற்ற கொலைச்சிந்து, வழிநடைச்சிந்துப் புத்தகங்கள் உங்கள் தாத்தா காலத்து ஆட்களுக்குத் தெரியும். அந்த மாதிரித் தெருப்பாட்டின் மேல் ஜாக்குக்குப் பெரிய பிரியம்.

அண்ணனுக்கு 1923-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நிழலில் தம்பி சோர்ந்துபோகவில்லை. அண்ணனைப் போலக் கவிதை எழுதவோ, அப்பாவைப் போல உருவப்படம் வரையவோ அவர் முயலவே இல்லை. எனக்கு அவரிடம் பிடித்த குணங்களில் அது ஒன்று.

*

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் படம்தான். ‘இது சோறு போடுமா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். உங்கள் யேட்ஸுக்குச் சோறு போட்டதா?
– ஒரு தாய், சங்கரன்கோவில்

அம்மா, நேராகவே சொல்கிறேன். அவருடைய அப்பாவுக்குப் போடவில்லை. வரைந்த படத்தைத் திருப்தியே இல்லாமல் மறுபடி மறுபடி திருத்துவார், முடித்துக் கொடுக்க மாட்டார். வீட்டில் எப்போதும் பணக் கஷ்டம். அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, ஜாக் சிறுவயதிலேயே பத்திரிகைகளுக்கு வரைந்து சம்பாதிக்க ஆரம்பித்தார். குதிரைப் பந்தயம், குத்துச்சண்டை, சிரிப்புப் படம், எதையும் விடவில்லை. 1894-ல் ஷெர்லாக் ஹோம்ஸைக் கிண்டல் செய்து ‘சப்லாக் ஹோம்ஸ்’ என்று ஒரு படக்கதைத் தொடர் போட்டார். ‘பஞ்ச்’ பத்திரிகைக்குப் பல வருடம் ‘டபிள்யூ. பேர்ட்’ என்ற புனைபெயரில் கேலிச்சித்திரம் வரைந்து கொடுத்தார். அந்த வருமானம் இருந்ததால்தான் தன் ஓவியத்தைத் தன் இஷ்டத்துக்கு வரைய முடிந்தது.

பெரிய மரியாதை தாமதமாகத்தான் வந்தது. 1942-ல் லண்டன் தேசியக் காட்சிக்கூடத்தில் வில்லியம் நிக்கல்சன் என்ற ஓவியரோடு சேர்ந்து கண்காட்சி. 1945-ல் டப்ளினில் நாடே கூடி நடத்தியது போல ஒரு பெரிய கண்காட்சி. 1948-ல் லண்டன் டேட் காட்சிக்கூடம். 1950-ல் பிரான்ஸ் அரசின் விருது. எல்லாமே எழுபது வயதுக்கு மேல்.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1936-ல் முப்பது வயது இளைஞர் ஒருவர் யேட்ஸின் ‘காலை’ என்ற சின்ன ஓவியத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தார். கையில் காசில்லை. கடன் வாங்கி, தவணையில் பணம் கட்டி அந்தப் படத்தை வாங்கினார். அந்த இளைஞர் சாமுவேல் பெக்கெட். பின்னால் 1969-ல் அவருக்கும் இலக்கிய நோபல் கிடைத்தது.

உங்கள் மகள் விஷயம்: படிப்பை விட வேண்டாம், படத்தையும் நிறுத்த வேண்டாம். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது, பிளஸ் டூவுக்கு அப்புறம் யோசிக்கலாம். இப்போதைக்குக் கோடு போட்ட நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைய விடாதீர்கள். கோடு போடாத தனி நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். அது அவளுடையது என்று ஆகட்டும்.

*

கேள்வி: இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஆரம்பகாலப் படங்கள் தெளிவாக இருக்கின்றன. கடைசிக்காலப் படங்களில் வண்ணத்தை அப்பி வைத்திருக்கிறார், ஆள் எங்கே, குதிரை எங்கே என்றே தெரியவில்லை. வயதாகிக் கை தளர்ந்துவிட்டதா?
– ஆசிரியர், அம்பாசமுத்திரம்

நானும் இதே சந்தேகத்தோடுதான் டப்ளினுக்குப் போனேன். அதற்கு முன் புத்தகத்தில் பார்த்தபோது, பிள்ளைகள் தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போன வண்ணக் கலவை மாதிரி இருந்தது.

ஆரம்பத்தில் அவர் ஆயுதம் கோடு. பேனா, மை, அப்புறம் நீர்வண்ணம். எண்ணெய் வண்ணத்துக்கு முழுசாக வந்தபோது நாற்பதை நெருங்கிவிட்டார். அப்போதும் கனமான புறக்கோடு போட்டு, உள்ளே வண்ணம் நிரப்புவார். 1920-களின் நடுவில் அந்தப் புறக்கோடு கரையத் தொடங்குகிறது. அப்புறம் தூரிகையோடு கத்தி வந்தது, விரல் வந்தது. சில இடத்தில் ட்யூபை நேராகத் துணியின் மேலேயே பிதுக்கினார். சில இடத்தில் வண்ணமே இல்லாமல் துணியை அப்படியே விட்டார்.

டப்ளினில் 1946-ல் வரைந்த ‘விதியின் மனிதர்கள்’ என்ற படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு அடி தூரத்தில் பார்த்தால் வரப்பு மாதிரி மேடு தட்டிய வண்ணம்தான் தெரிகிறது. உழுது போட்ட வயலைக் குனிந்து பார்ப்பது போல. நான்கு எட்டு பின்னால் வந்தேன். கடலிலிருந்து கரையேறி வருகிற மனிதர்கள் தெரிந்தார்கள். அந்தி வெளிச்சம் அவர்கள் மேல் தீயாக விழுந்திருந்தது. மறுபடி ஒரு எட்டு முன்னால் வைத்தேன். மனிதர்கள் கரைந்துபோய் வண்ணம் மட்டும் நின்றது. காவலர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கும் அளவுக்கு முன்னும் பின்னும் நடந்தேன். ஞாபகம் அப்படித்தானே வருகிறது? என் தாயார் முகத்தை நினைத்தால் உடனே தெரிகிறது. மூக்கு எப்படி, காது எப்படி என்று உற்றுப் பார்க்கப் போனால் கலைந்துவிடுகிறது. யாரும் புதிதாக எதையும் படைப்பதில்லை, ஓவியன் நினைவுகளைச் சேர்த்து வைக்கிறான் என்பது அவர் கருத்து. வயதாக ஆக அவர் கண்ணெதிரே இருப்பதை விட்டுவிட்டு நினைவை வரையத் தொடங்கினார். கை தளரவில்லை சார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்களில் அவர் மிக மும்முரமாக வரைந்தது எழுபதை நெருங்கிய பிறகுதான். 1947-ல் மனைவி இறந்தார். 1949-ல் ‘இரவே இல்லை’ என்று ஒரு படம், வெட்டவெளி, குதிரை, ஒரு மனிதர். மனைவியை இழந்தவன் என்ற முறையில் அந்தத் தலைப்பைப் படித்தபோது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எல்லாப் படமும் எனக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். கடைசிக்காலப் படங்கள் சிலவற்றில் வண்ணம் ஆளை விழுங்கிவிடுகிறது. ஆனால் திரையில் ஐந்து அங்குலத்தில் பார்த்துவிட்டு அவரை முடிவு கட்டாதீர்கள். அந்த மேடும் பள்ளமும் செல்போனில் வராது.

*

கேள்வி: அவர் நாடும் அப்போது வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்ததே. அதைப் பற்றி ஏதாவது வரைந்தாரா, இல்லை குதிரையும் சர்க்கஸும் மட்டும்தானா?
– வழக்கறிஞர், தூத்துக்குடி

நீங்கள் வ.உ.சி. ஊரிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டது பொருத்தம்.

1914 ஜூலை 26-ஆம் தேதி டப்ளினில் லிஃபி கரையில் ‘பேச்சலர்ஸ் வாக்’ என்ற தெருவில், ஆயுதம் இல்லாத கூட்டத்தின் மேல் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. உயிர்கள் போயின. மறுவருடம் யேட்ஸ் ‘பேச்சலர்ஸ் வாக், நினைவாக’ என்று ஒரு படம் வரைந்தார். அதில் துப்பாக்கி இல்லை, சிப்பாய் இல்லை, ரத்தம் இல்லை. தெருவில் பூ விற்கிற ஒரு பெண், ஆள் செத்து விழுந்த வாசலருகே ஒரு பூவைப் போடுகிறாள். அவ்வளவுதான் படம். கூடையில் இருப்பது அவள் பிழைப்பு. அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போடுகிறாள்.

அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 1908 மார்ச் 13 ஞாபகம் வரும். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதான மறுநாள். திருநெல்வேலியில் கடை அடைத்தார்கள், நகராட்சி அலுவலகமும் போலீஸ் ஸ்டேஷனும் எரிந்தன, மண்ணெண்ணெய்க் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். நான் அந்தத் தெருக்களில் வாழ்நாள் முழுக்க நடந்திருக்கிறேன். அவர்கள் விழுந்த இடத்தில் யார் பூப் போட்டார்கள் என்று வரைந்து வைக்க அன்றைக்கு நமக்கு ஒரு ஆள் இல்லை. அந்த ஏக்கம் எனக்கு நிரம்ப உண்டு. அயர்லாந்துக்காரர் என்றால் நம் பக்கத்துச் சரித்திரத்தில் பதிந்த பெயர், 1911-ல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் சுட்ட கலெக்டர் ஆஷ். அதே தேசத்தில் அதே காலத்தில் இப்படியும் ஒரு அயர்லாந்துக்காரர் இருந்தார் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு படம், ‘கைதிகளோடு பேசுதல்’. உள்நாட்டுப் போர் முடிந்த சமயத்தில் வரைந்தது. சிறைக்கோபுரத்தின் உச்சி ஜன்னலில் கைதான பெண்கள், சின்னச் சின்னதாகத் தெரிகிறார்கள். கீழே தெருவில் நிற்கிற பெண்கள் அண்ணாந்து அவர்களைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். இங்கேயும் நாம் பார்ப்பது முதுகுதான். பாளையங்கோட்டை மத்தியச் சிறையைத் தாண்டித்தான் நான் முப்பது வருடம் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனேன். மனுப் பார்க்கிற நாளில் வெளியே பிளாஸ்டிக் பையோடு பெண்கள் நிற்பார்கள். பையில் பழம், பிஸ்கட். கைக்குழந்தை இருந்தால் அதை இடுப்பு மாற்றிக்கொண்டே நிற்பார்கள். அவர்களை வரைய வேண்டும் என்று பலமுறை நினைத்தும் நான் சைக்கிளை நிறுத்தவில்லை. யேட்ஸ் நிறுத்தியிருப்பார்.

*

கேள்வி: அவர் படங்களை எங்கே பார்க்கலாம்?
– வாசகர், நாங்குநேரி

டப்ளின் தேசியக் காட்சிக்கூடத்தில் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. டப்ளின் ஹ்யூ லேன் காட்சிக்கூடத்தின் தொகுப்பிலும் இருக்கிறது. ‘கைதிகளோடு பேசுதல்’ ஸ்லைகோ ஊரின் தொகுப்பில் இருக்கிறது. நம் பிள்ளைகள் ஐ.டி. வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் அங்கே நிறையப் பேர் போயிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரச் சொல்லுங்கள்.

*

கேள்வி: சார், நான் எட்டாம் வகுப்பு. எங்கள் ஊர் கோயில், ஆறு, மலை, வீடு எல்லாம் வரைந்துவிட்டேன். இனிமேல் வரைய ஒன்றும் இல்லை. பெரிய ஊரில் இருந்தால்தான் பெரிய ஓவியர் ஆகலாமா?
– மாணவன், கல்லிடைக்குறிச்சி

தம்பி, யேட்ஸ் பிறந்தது லண்டனில். எட்டு வயதிலிருந்து பதினாறு வயதுவரை அம்மா வழித் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தார். அந்த ஊர் ஸ்லைகோ. மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுகம். தாத்தாவுக்குக் கப்பல் தொழில். தெருவில் மாலுமிகள், கடற்கரை மணலில் குதிரைப் பந்தயம், சந்தை, எப்போதாவது வருகிற சர்க்கஸ். எட்டு வருடம் அந்தப் பையன் பார்த்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் லண்டன், டெவன், டப்ளின் என்று எங்கெங்கோ இருந்தார். 1957-ல் 85 வயதில் இறந்தார். எதை வரைந்தாலும் அந்த எட்டு வருடம் கூடவே வந்தது. தன்னுடைய ஒவ்வொரு படத்திலும் எங்கோ ஓரிடத்தில் ஸ்லைகோவின் நினைவு ஒன்று இருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கையடக்கமான நோட்டு ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். அந்த மாதிரி நோட்டுகள் இருநூறுக்கும் மேலே டப்ளினில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1905-ல் அயர்லாந்து நாடகாசிரியர் ஜே. எம். சிங்குடன் மேற்கு அயர்லாந்தின் ஏழைக் கிராமங்களில் சுற்றியபோதும் நோட்டும் பென்சிலுமாகத்தான் போனார். சிங் எழுதினார், இவர் வரைந்தார்.

நீ கோயிலை வரைந்தேன் என்கிறாய். கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்கிற பாட்டியை வரைந்தாயா? ஆற்றை வரைந்தேன் என்கிறாய். துணி பிழிகிறபோது இரண்டு பேர் எதிர் எதிர்த் திசையில் முறுக்குவார்களே, அந்த நான்கு கைகளை வரைந்தாயா? அப்பளம் உருட்டுகிற வீடு உங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. காயப்போட்ட அப்பளத்தின் மேல் காக்கா வராமல் குச்சியோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளை இருக்குமே, அதை?

வீட்டில் சொல்லிவிட்டு, பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை விடுமுறை நாளில் மேலப்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போ. காலையிலேயே போய்விடு. மாட்டை வரையாதே, மாடு அசைந்துகொண்டே இருக்கும். வாங்குகிறவரும் விற்கிறவரும் கைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்தத் துண்டு மேலும் கீழும் லேசாக அசையும். ஒருவர் முகம் சுளிக்கும், இன்னொருவர் வேறெங்கோ பார்ப்பது போல இருப்பார். பக்கத்தில் நின்று பார், முகங்களை வரை. துண்டை வரை. எத்தனை விரல் என்று உனக்குத் தெரியாது, பரவாயில்லை. வரைந்த தாளை அப்படியே, அழித்துத் திருத்தாமல், எனக்கு அனுப்பு.